டிரம்ஸ் வாசிப்பவர்கள் இடுப்பைக் கெடுத்துக்கொள்ளும் வழிகள்

நிமிர்ந்து உட்கார், வாசிக்கும் முன் கைகால்களை உதறிக்கொள், இடையிடையே தண்ணீர் குடி என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லியாகிவிட்டது. மெல்லிசை மேடைகளிலும் தேவாலயங்களிலும் புதிதாக வாசிக்க வரும் பிள்ளைகள், எங்கள் தலைமுறை இடுப்பைக் கெடுத்துக்கொண்ட அதே வழியில் வரிசையாகப் போகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

ஸ்டூலில் மிச்சம் பிடிப்பது

சிம்பல் எனும் உலோகத் தட்டுக்குக் கடன் வாங்கிச் செலவழிப்பவர்கள் ஸ்டூலுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். செட்டோடு வரும் மலிவான ஸ்டூல் சீக்கிரமே ஆடத் தொடங்கும். பிறகு மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிதான் கதி.

ஒரு கல்யாண வரவேற்புக்கு மாணவன் ஒருவன் ஸ்டூல் இல்லாமல் வந்தான். "ஒரு நாள்தானே மாஸ்டர்" என்றான். அந்த நாற்காலியின் உயரம் ஏறத்தாழ 17 அங்குலம். இருக்கையும் பின்பக்கம் சரிந்திருக்கும். அவனோ ஆறடி ஆள். முழங்கால்கள் இடுப்பைவிட மேலே கிளம்பி நின்றன. மூன்று நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். உயரம் கொஞ்சம் கூடியது, ஆனால் கைப்பிடி முழங்கையில் இடித்தது. இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, கூன் போட்டு வாசித்தான். கடைசிப் பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கர் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். அடுத்த இரண்டு முகூர்த்தத்துக்கும் வேறு ஆள் வாசித்தார். கைவிட்டுப் போன அந்தச் சம்பளத்தை ஸ்டூலில் போட்டிருக்கலாம்.

இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்தால் இடுப்பெலும்பு பின்னோக்கிச் சுழலும். கீழ்முதுகின் இயல்பான உள்வளைவு போய், முதுகு வெளிப்பக்கமாக வளையும். பாரம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகளில் இறங்கும். இதோடு கால் வேலையும் சேர்கிறது. குதிகாலைத் தூக்கி, பெடலை மிதித்து கிக் எனும் பெரிய டிரம்மை அடிப்பவரின் தொடையை உயர்த்தும் முக்கியத் தசை, கீழ்முதுகு முள்ளெலும்புகளில்தான் தொடங்குகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் தட்டுக்கு ஒரு கிக் என்றால், ஐந்து நிமிடப் பாட்டில் அந்தத் தசை முதுகெலும்பை 600 முறை இழுக்கிறது. ஹை-ஹேட்டில், அதாவது காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலில், இருக்கும் இடது கால் தனிக்கணக்கு.

ஸ்டூலின் மேற்பரப்பை முழங்கால் சில்லின் மேல் விளிம்பு அளவில் வைத்துத் தொடங்குங்கள். உட்கார்ந்ததும் தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரிய வேண்டும், அதுவரை உயர்த்துங்கள். தொடை தடையின்றி அசையும் அளவுக்கு முன்னால் உட்காருங்கள். இப்போது இரண்டு பாதங்களையும் பெடலிலிருந்து ஒரே நேரத்தில் ஓர் அங்குலம் தூக்கிப் பாருங்கள். உடல் பின்னால் சாய்ந்தால் ஸ்டூலின் உயரமோ பெடலின் தூரமோ சரியில்லை. இது முடிந்த பிறகே கால்களுக்கு நடுவில் வரும் ஸ்னேர் டிரம்மை வையுங்கள், அதன் பிறகே மற்றவை.

பல பேர் வாசிக்கும் தேவாலய செட்டில் ஸ்டூலின் திருகு துருப்பிடித்து ஒரே உயரத்தில் இறுகிக் கிடக்கும். பன்னிரண்டு வயதுப் பையனும் அவன் அப்பாவும் அதே உயரத்தில் உட்காருவார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விட யாருக்கும் தோன்றாது!

ரைடு சிம்பலைத் தொலைவில் மாட்டுவது

தாளத்தை ஓட்டும் பெரிய சிம்பல்தான் ரைடு. அதை ஒவ்வொரு முறையும் உடலைத் திருப்பி எட்டி அடிக்க வேண்டியிருந்தால் ஸ்டாண்டை உள்ளே இழுங்கள். மேடையில் செட் பரந்து தெரிய வேண்டும் என்பது புகைப்படக்காரரின் கவலை.

பின்பாக்கெட்டில் பர்ஸ்

எடுத்துவிட்டு உட்காருங்கள்.

பொறுத்துக்கொண்டு வாசிப்பது

வாசித்த மறுநாள் பிடித்துக்கொள்ளும் வலி வேறு. பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, மரத்துப்போகும் பாதம், பெடலை முன்போல மிதிக்க முடியாத பலவீனம் ஆகியவை நரம்பு அழுத்தத்தின் அறிகுறிகள். தைலத்தை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை மீறினாலோ, தொடைகளின் இடைப்பகுதி மரத்தாலோ அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நரம்பு கெட்டுப் போன வலு தானாகத் திரும்பிவிடுமென்று எண்ணி வாசித்துக்கொண்டே இருக்கக் கூடாது. ஜெனிசிஸ் எனும் ஆங்கில ராக் குழுவின் டிரம்மரும் பாடகருமான ஃபில் காலின்ஸுக்குக் கெட்டது கழுத்து முள்ளெலும்பு. 2009இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகும் குச்சியைப் பிடிக்கும் வலு பழையபடி வரவில்லை. 2021இல் அந்தக் குழு மீண்டும் மேடையேறியபோது அவர் நாற்காலியில் அமர்ந்து பாடினார். டிரம்ஸ் வாசித்தது அவர் மகன் நிக்.

இடுப்பு பெல்ட்

மருத்துவர் சொன்னாலொழிய வேண்டாம்.

முடிந்தவுடன் பையைத் தூக்குவது

வாசிக்கும்போது பிடிக்காத முதுகு, வேனில் ஏற்றும்போது பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் வளைந்தே உட்கார்ந்திருந்த முதுகின் நார்கள் நெகிழ்ந்து போயிருக்கும். அந்த நிலையில் குனிந்து, ஸ்டாண்டுகள் அடைத்த ஹார்டுவேர் பையை ஒரு கையால் இழுத்துத் தூக்குகிறார்கள். முதலில் சிம்பல்களையும் ஸ்னேரையும் நின்றபடி கழற்றி உறையில் போடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் முதுகு ஓரளவு பழைய நிலைக்கு வரும். ஸ்டாண்டுகளை இரண்டு பைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே பைதான் இருக்கிறது என்றால் கீபோர்டு வாசிப்பவரைக் கூப்பிடுங்கள், அவர் அப்போது சாப்பாட்டுப் பந்தியில்தான் இருப்பார்.