சிரட்டைக் கரியும் உமி நெருப்பும்: கிணற்று நீரைக் குடிநீராக்கும் முறை

பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனி மாதங்களில் நெல் ஆலைகள் ஓயாமல் ஓடும்போது, இலங்கையின் கிழக்கே சம்மாந்துறையிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் ஆலைகளின் பின்புறத்தில் உமி குன்றுபோலக் குவிவதைக் காணலாம். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதால், ஒரு தொன் நெல்லைக் குற்றினால் 200 கிலோ வரை உமி மிஞ்சுகிறது. நெல் அவிக்கவும் செங்கல் சூளை எரிக்கவும் போனது போக எஞ்சும் உமி, ஓரமாகக் கொட்டப்பட்டு நாட்கணக்கில் புகைந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு சேரும் சிரட்டையின் கதையும் ஏறக்குறைய இதுதான். மறுபுறம், மட்டக்களப்பு வாவியின் மேற்கே குழாய்நீர் எட்டாத படுவான்கரை ஊர்களிலும் வட்டை எனப்படும் வயல்வெளிகளையொட்டிய குடியிருப்புகளிலும், மாரியில் வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்றையே நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. இந்த இரண்டையும் இணைக்கும் வழியை இங்கே விளக்குகிறேன். சிரட்டையைச் சரியான அடுப்பில் எரித்தால் அதன் சுவாலை நீரைக் கொதிக்க வைக்கும். எரியாமல் மிஞ்சும் கரி, நீரை வடிகட்டப் பயன்படும். ஒரே சிரட்டை இரண்டு வேலைகளையும் செய்ய வேண்டுமானால், நெருப்பை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதை அறிந்திருக்க வேண்டும். இந்த முறையின் நுட்பம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

முதலில் கிணற்றை அறிந்துகொள்ளுங்கள்

அடுப்பு செய்யத் தொடங்குமுன் உங்கள் கிணற்று நீரில் என்ன குறை இருக்கிறது என்பதைக் கண்டறிவது அவசியம். கலங்கல், கிருமி, வாடை, வயலிலிருந்து கசிந்து வரும் பூச்சிநாசினியின் எச்சம் ஆகியவை இங்கே சொல்லப்படும் முறையால் நீங்கும் அல்லது குறையும். உப்பு, நைத்திரேற்று, புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை ஆகியவற்றைக் கரி நீக்காது. கொதிக்க வைத்தால் தற்காலிகக் கடினத்தன்மையில் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் வெண்படிவாகப் படியும், அவ்வளவுதான். நைத்திரேற்றோ, கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாவதால் இன்னும் செறிவடைகிறது. கரையோர மணற்பாங்கான ஊர்களில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருப்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் நைத்திரேற்றுக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் அந்த ஆபத்து நீங்காது. ஆகவே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ கேட்டு, ஒரு முறையாவது நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரக் கிணறுகள் உப்பாகியதைப் பார்த்தவர்கள், ஆவியாக்கிக் குளிரவைத்து உப்பை நீக்கலாமே என்று கேட்பதுண்டு. செய்யலாம், ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். 28 பாகையில் உள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 300 கிலோயூல் வெப்பம் போதும். அதை முழுவதும் ஆவியாக்க மேலும் 2,257 கிலோயூல் வேண்டும். அதாவது எட்டரை மடங்கு எரிபொருள். குடிநீர் பவுசர் (தாங்கி வண்டி) வராத நாட்களில் ஒரு நோயாளிக்கோ குழந்தைக்கோ இரண்டு லீற்றர் எடுக்க இது உதவும். அன்றாடக் குடிநீருக்கு ஓடு வீட்டின் மழைநீரைச் சேமிப்பதே மேல்.

அடுப்பு செய்யும் விதம்

இந்த அடுப்பின் இரகசியம், நெருப்பை அடியில் மூட்டாமல் உச்சியில் மூட்டுவதுதான். மேலே பற்றிய நெருப்பு மெல்ல மெல்லக் கீழிறங்கும்போது சிரட்டையிலிருந்து எரிவாயு வெளியேறி மேலெழுகிறது. மேல்விளிம்பில் உள்ள துளைகள் வழியே வரும் சூடான காற்றோடு கலந்து அந்த வாயு எரிகிறது. கீழே காற்று குறைவாக இருப்பதால் சிரட்டை சாம்பலாகாமல் கரியாக நின்றுவிடுகிறது. 1980களில் அமெரிக்கரான தோமஸ் ரீட்டும் நோர்வேக்காரரான பால் வென்டெல்போவும் ஒருவரையொருவர் அறியாமலே இம்முறையைக் கண்டடைந்தார்கள்.

உள் உருளைக்கு 20 சென்ரிமீற்றர் விட்டமும் 35 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள இரும்புத் தகர டின் வேண்டும். நாகம் (துத்தநாகம்) பூசிய தகரத்தை நெருப்புப் படும் இடத்தில் பயன்படுத்தக் கூடாது. சூடேறினால் அதன் புகை நஞ்சாகும். பெயின்ற் டின்னாக இருந்தால் திறந்தவெளியில் ஒரு முறை வெறுமனே எரித்துப் பூச்சை நீக்கிய பின்பே பயன்படுத்த வேண்டும். டின்னின் அடியில் 6 மில்லிமீற்றர் துளைகள் ஐம்பது இடுங்கள். மேல்விளிம்பிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் கீழே, சுற்றிவர 12 மில்லிமீற்றர் துளைகள் முப்பது இடுங்கள். இதை 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வெளி உருளைக்குள், அடி தரையில் படாதவாறு நிறுத்தி, இரண்டுக்கும் இடைப்பட்ட மேல் இடைவெளியைத் தகர வளையத்தால் அடைத்துவிடுங்கள். வெளி உருளையின் கீழ்ப்பகுதியில் காற்று நுழையப் பெரிய துளைகள் இருக்க வேண்டும். உச்சியில், நடுவே 10 சென்ரிமீற்றர் துளையிட்ட தகரத் தட்டொன்றை வைத்தால் சுவாலை ஒன்றுகூடி நிமிர்ந்து எரியும். நீர் கொதிக்கும் பெரிய பாத்திரமான கிடாரத்தை அதற்கு மேல் மூன்று சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, மூன்று இரும்புக் கால்களில் நிறுத்துங்கள். இவ்வளவையும் எந்த வெல்டிங் கடையிலும் அரை நாளில் செய்துவிடலாம்.

எரிக்கும் முறை

சிரட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். தும்பு ஒட்டியிருந்தால் சுரண்டிவிட வேண்டும். தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக உடைத்து, மேல்துளைகளுக்கு மூன்று விரற்கடை கீழே வரை நிரப்பினால் ஏறத்தாழ மூன்று கிலோ கொள்ளும். உச்சியில் காய்ந்த பொச்சுத் தும்பையும் சிறு சுள்ளிகளையும் பரப்பிப் பற்றவையுங்கள். முதல் சில நிமிடங்கள் வெண்புகை வரும். புகை அடங்கி, விளிம்புத் துளைகளிலிருந்தே நெருப்பு பிறப்பதுபோலச் சுற்றிவர மஞ்சள் நாக்குகள் உள்நோக்கி எழுந்தால் அடுப்பு சரியாக இயங்குகிறது என்று பொருள். இந்த ஒரு கொள்ளளவில் 20 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் நின்றால் கிருமிகள் அழிந்துவிடும்; பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கொதிக்கவிடுவது எரிபொருளை வீணாக்குவது மட்டுமே.

எரிந்து முடியும் தருணத்தை அடுப்பருகே இருந்து கவனிக்க வேண்டும். மஞ்சள் சுவாலை ஒரு பக்கத்தில் குட்டையாகும். பின்பு சுற்றிலும் தாழ்ந்து, கரிப்படுக்கையின் மேல் மெல்லிய நீலமாகப் படரும். வாயு தீர்ந்துவிட்டது, இனி எரிவது கரி என்பதற்கு அந்த நீலம்தான் அடையாளம். அதைப் பார்த்ததும் கிடாரத்தை இறக்கி, கரியை இரும்பு மூடியுள்ள டின்னில் கொட்டி, மூடியின் விளிம்பைச் சுற்றி ஈரமண் பூசி அடைத்துவிடுங்கள். நீர் ஊற்றியும் அணைக்கலாம். நீராவி முகத்தில் அடிக்கும் என்பதால் கை எட்டும் தூரத்துக்கு அப்பால் நின்று ஊற்ற வேண்டும். இந்த நீலச் சுவாலைக் கட்டத்தில்தான் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு அதிகம் வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே கதவடைத்த குசினியில் இந்த அடுப்பை ஒருபோதும் எரிக்காதீர்கள். கிடுகுக் கூரையின் தாழ்வாரத்துக்கும் அண்மையில் வைக்காதீர்கள். ஒரு முறை, தொட்டால் குளிர்ந்திருந்த கரியை நான் சாக்கில் கட்டி மூலையில் வைத்தேன். இரவு விழித்துப் பார்த்தபோது சாக்கின் ஒரு பக்கம் கனன்றுகொண்டிருந்தது. அன்று முதல் ஒரு முழு நாள் கழியாமல் டின்னைத் திறப்பதில்லை.

மூன்று கிலோ சிரட்டையிலிருந்து 600 முதல் 750 கிராம் வரை கரி கிடைக்கும். நல்ல கரித்துண்டுகள் இரண்டைத் தட்டினால் ஓடு தட்டியதுபோல் கணீரென்று ஒலிக்கும். கையில் பட்ட கறுப்பு வெறும் நீரிலேயே கழுவுப்பட வேண்டும். சவர்க்காரம் போட்டால்தான் போகிறது என்றால் அதில் தார் தங்கியிருக்கிறது. அந்தக் கரியை அடுத்த முறை மீண்டும் அடுப்பில் இடுங்கள், வடிகட்டிக்கு வேண்டாம்.

வடிகட்டி

கரியை உரலில் மெல்ல இடித்து, நுளம்புவலையில் அரித்துத் தூளை நீக்குங்கள். பயறு அளவுக்கு மேற்பட்டவற்றை மீண்டும் இடியுங்கள். வலையில் தங்கும் குருணிதான் நமக்கு வேண்டியது. அதைப் பல நீர் கொண்டு, கழுவிய நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். சாம்பல் தங்கினால் நீர் காரச்சுவை பெறும். அடியில் குழாய் பொருத்திய 20 லீற்றர் வாளியில், கீழே சல்லி, மேலே 15 லீற்றர் அளவு கரி என நிரப்புங்கள். இதற்கு ஏறத்தாழ ஏழு கிலோ கரி வேண்டும் என்பதால் பத்துப் பன்னிரண்டு முறை எரித்துச் சேர்க்க வேண்டியிருக்கும். கரிக்கிடையில் பாதி இடம் வெற்றிடம். மணிக்கு 15 லீற்றருக்கு மேல் வராதபடி குழாயைத் திருகி வைத்தால், நீர் அரை மணி நேரம் கரியோடு தங்கிச் செல்கிறது. அவசரப்பட்டுக் குழாயை முழுதும் திறந்துவிட்டால் கரி வெறும் கறுப்புக் கல்லாகவே இருக்கும்.

கரி வாளிக்கு முன்பாக மணல் பீப்பா ஒன்று இருக்க வேண்டும். உணவுப்பொருள் வந்த பீப்பாவையே பயன்படுத்துங்கள். உரமோ நாசினியோ இருந்த கலன் எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. கழுவிய நுண்ணிய ஆற்று மணலை அரை மீற்றர் உயரத்துக்கு இட்டு, மணலுக்கு மேல் எப்போதும் ஐந்து சென்ரிமீற்றர் நீர் நிற்கும்படி வெளிக்குழாயை உயர்த்தி வையுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் மணலின் மேற்பரப்பில் ஓர் உயிர்ப்படலம் வளர்ந்து, கிருமிகளில் பெரும்பகுதியை அங்கேயே தடுத்துவிடும். நீர் மிகவும் கலங்கலாக இருந்தால், முன்னோர் செய்ததுபோலப் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்த பிறகு மணலில் ஊற்றுங்கள்.

வரிசை மாறக் கூடாது: மணல், கரி, பிறகு கொதிக்க வைத்தல். ஈரக் கரியிலும் கிருமி குடியேறும் என்பதால் கொதிக்க வைப்பது கடைசிப் படியாகவே இருக்க வேண்டும். குளோரின் இடுபவர்கள் கரியைத் தாண்டி வந்த நீரிலேயே இட வேண்டும். முன்பே இட்டால் கரி அதை உறிஞ்சிவிடும். கரியின் உறிஞ்சும் திறன் தீர்ந்துவிட்டதா என்பதைக் கண்ணால் அறிய முடியாது. வீட்டுப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. நாசினி தங்கியிருக்கக்கூடிய பழைய கரியை மரக்கறித் தோட்டத்தில் போடாமல், கிணற்றுக்கு எட்டத்தில் நிழல்மரத்தடியில் புதையுங்கள்.

உமியை எங்கே பயன்படுத்துவது

வடிகட்டிக்கு உமிக்கரி ஏற்றதல்ல. அதில் பெருமளவு சிலிக்காச் சாம்பல்; தொட்டாலே பொடியாகும். அடுப்பெரிக்க உமி சிறந்தது, ஆனால் மேலே சொன்ன அடுப்பில் எரியாது. உமி நெருக்கமாகப் படிவதால் காற்று தானாக ஏறாது. அடியிலிருந்து சிறு மின்விசிறியால் ஊத வேண்டும். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த அலெக்சிஸ் பெலோனியோ இத்தகைய உமி அடுப்பை உருவாக்கி 2008 இல் ரோலெக்ஸ் விருது பெற்றார். 15 சென்ரிமீற்றர் விட்டமும் 60 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள உருளையில் ஒரு கிலோ உமி கொள்ளும். 12 வோல்ற் கணினி விசிறியும் பழைய மோட்டார் சைக்கிள் பற்றரியும் போதும். ஒரு கொள்ளளவில் ஏழெட்டு லீற்றர் நீர் கொதிக்கும்; ஐந்து பேருள்ள வீட்டின் குடிநீருக்கு நாளுக்கு இரண்டு முறை எரித்தால் சரி. 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற எவருக்கும் இதன் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. மிஞ்சும் உமிக்கரியை நாற்றுமேடைக்கும் மணற்பாங்கான தோட்டத்துக்கும் இட்டால் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

உமியிலிருந்து மின்சாரமும் எடுக்கலாம். ஒரு அலகுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ உமி செல்லும். ஆனால் அது ஆலைக்காரரும் கூட்டுறவுச் சங்கமும் பொறியியலாளரோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. இயந்திரத்துக்குச் செல்லும் வாயுவைக் கழுவிய நீரில் தாரும் பீனோல் என்ற நச்சுப்பொருளும் இருக்கும். அந்த நீர் வாய்க்காலில் கலந்து வாவியை அடைந்தால் மீனவர் வயிற்றில் அடித்ததாகிவிடும். வைக்கோலை எந்த அடுப்புக்கும் கொண்டுவர வேண்டாம். வயலுக்கே திருப்பிக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் முந்திச் செய்ய வேண்டியது எரிபொருளைச் சேமிப்பது. கிணறு கெடுவது மாரியில். உமி நனைவதும் அதே மாரியில்தான். சிறுபோக அறுவடையின் உமியையும் ஆண்டு முழுவதும் சேர்ந்த சிரட்டையையும் புரட்டாசிக்குள் காயவைத்து, தரையிலிருந்து இரண்டடி உயர்த்திய பரணில், படங்கால் மூடி வையுங்கள். ஐந்து பேருள்ள குடும்பம் மூன்று மாத மாரியைத் தாண்ட ஏறத்தாழ 200 கிலோ உமி போதும். வெள்ளம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டால், கிணற்றை இறைத்துக் கழுவிக் குளோரின் இட்டு, வாடை முற்றாக நீங்கிய பிறகே அந்த நீரை மணல் பீப்பாவில் ஊற்ற வேண்டும். குளோரின் கலந்த நீர் பட்டால் மணலில் வளர்ந்த உயிர்ப்படலம் அழிந்து, அதை மீண்டும் வளர்க்க மூன்று வாரங்கள் காத்திருக்க நேரிடும்.