பிரேக் பெடல் துடிப்பு: புது டிஸ்க் போட்டும் திரும்பி வந்த கதை

கிருஷ்ணகிரியிலிருந்து சேலத்துக்கு மாங்காய் லோடோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போதுதான் கவனித்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் பாதத்தைத் தட்டித் தட்டித் தள்ளியது. 15 வருடப் பழைய பிக்கப், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு; அது வேலை செய்யும்போதும் பெடல் துடிக்கும்) கிடையாது.

முதலில் பிரேக் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பட்டை) மாற்றினேன், பயனில்லை. அப்புறம் முன் சக்கரங்களோடு சுழலும் தட்டான டிஸ்க் இரண்டும் புதிதாகப் போட்டோம். சரியானது. சுமார் 4,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி அதே துடிப்பு. உடனே வராமல் தாமதமாகத் திரும்பியதுதான் துப்பு; எனக்கு அப்போது உறைக்கவில்லை. பின் சக்கர டிரம் பிரேக் மீது சந்தேகம். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை மட்டும்தான். ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி ஹேண்ட் பிரேக்கை மட்டும் லேசாக இழுத்துப் பார்த்தேன். துடிப்பில்லை. அப்படியென்றால் முன்பக்கம்தான்.

தருமபுரியில் ஒரு லேத் பட்டறைக்காரர் டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தில் (டிஸ்க் உட்காரும் சக்கர நடுப்பகுதியின் பரப்பில்) விரலை ஓட்டினார். "இங்க பாருங்கண்ணே." வீல் போல்ட்டுகளின் அடியில் பொருக்குப் பொருக்காகத் துரு. அதன்மேல் உட்கார்ந்த டிஸ்க் மயிரிழை சாய்ந்து சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசித் தேயும். நாளடைவில் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறி, பெடல் துடிக்கும்.

டிஸ்க் சுழலும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கும் டயல் கேஜ் 0.14 மி.மீ. ஆட்டம் காட்டியது. கம்பி பிரஷ், எமரித் தாள் கொண்டு போல்ட் அடிவரை சுரண்டி, டிஸ்க்கை லேசாகக் கடைந்து மாட்டியதும் 0.03. நட்டுகளை எதிரெதிராக இறுக்கினோம்.

இப்போது 6,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. நேற்றும் தொப்பூரில் இறங்கினேன். பெடலில் அசைவே இல்லை, அப்பாடா.