காய்ச்சலை மறைக்கத் தேவையில்லாத விடுதி

2021 மார்ச் மாதம், செய்முறைத் தேர்வுகள் நடந்துகொண்டிருந்த வாரம். எங்கள் மகளிர் விடுதியின் இரண்டாம் தளத்தில் ஒரு மாணவி மூன்று நாட்களாகக் காய்ச்சலை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். நான் துணைக் காப்பாளர். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் குடியிருக்கிறேன். பக்கத்து அறைப் பெண் வந்து சொன்ன பிறகுதான் மாடிக்கு ஓடினேன். கட்டிலருகே வாளித் தண்ணீர், அதில் நனைத்துப் பிழிந்த கைக்குட்டை, தலையணைக்கு அடியில் பாதி தீர்ந்த பாரசிட்டமால் அட்டை. காலையில் மாத்திரை போட்டுச் சூட்டை இறக்கிக்கொண்டு, வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டும் வெப்பமானியைத் தாண்டி, ஆய்வகத்துக்குப் போய் வந்திருக்கிறாள்.

"சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். பிராக்டிகல் போய்விடும், மேடம்" என்று அழுதாள். அவள் சொன்னது உண்மை. எங்கள் விதி அன்று அப்படித்தான் இருந்தது. அந்தத் தளத்தில் மேலும் ஐந்து பேருக்குக் கொரோனா தொற்று உறுதியானது.

செப்டம்பரில் கல்லூரிகள் மறுபடி திறந்தபோது விதிகளைப் புதிதாக எழுதினோம். அப்போது கற்றதை, இன்னொரு தொற்றுக் காலம் வந்தால் விடுதி நடத்துகிறவர்களுக்கும் அங்கே தங்குகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே வைக்கிறேன்.

மற்ற எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது, முதல்வரிடம் ஒரு கையெழுத்து வாங்குவது. காய்ச்சல் என்று தானாக வந்து சொல்லும் மாணவிக்கு வருகைப் பதிவு குறையாது. தவறிய செய்முறைத் தேர்வு வேறு தேதியில் நடத்தப்படும். அவள் விருப்பமில்லாமல் ஊருக்கு அனுப்ப மாட்டோம். இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை மாணவிகள் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது. துறைத் தலைவர் மாறினால் வாக்கும் மாறிவிடும். அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டி ஓய்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தளத்திலும் குளியலறைக்குப் போகும் வழியில், கண்ணுக்கு நேர் உயரத்தில் ஒட்டுங்கள். காலையில் வரிசையில் நிற்கும்போது எல்லோரும் படிப்பார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆறு பேர் தாங்களாகவே என் கதவைத் தட்டினார்கள்.

அடுத்தது அறை. நோயாளிக்கு ஒதுக்கும் அறை தரைத்தளத்தில், வராந்தாவின் கடைசியில் இருக்கட்டும். எதிரெதிர்ப் பக்கங்களில் ஜன்னல் இருந்தால் நல்லது. ஒரே ஜன்னல்தான் என்றால் அதில் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்துங்கள். விடுதிகளில் உண்மையான சிக்கல் கழிப்பறை. ஐம்பது பேருக்குப் பொதுவான கழிப்பறை இருக்கும் தளத்தில் அறையை மட்டும் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. ஒரு கழிப்பறையையும் ஒரு குளியலறையையும் அந்த அறைக்கென்று பூட்டி, சாவியை உள்ளே இருப்பவளிடமே கொடுத்துவிடுங்கள். வாளி, குவளை, மின்கெட்டில், பிளாஸ்க், நீளமான சார்ஜர் வயர், தலைவலித் தைலம், இரண்டு மாற்றுப் போர்வைகள் எல்லாம் ஆள் வருவதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். காய்ச்சலோடு வந்தவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு அறையைப் பெருக்கத் தொடங்கினால், அடுத்தவள் சொல்ல யோசிப்பாள்.

கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போடுங்கள். சாப்பாட்டை அதில் வைத்து, தட்டி, ஆறடி தள்ளி நிற்க வேண்டும். வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. கதவு திறந்து முகம் தெரியும் வரை நின்று, இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர வேண்டும். மூன்று வேளையும் ஒரே ஆள் போவது மேல். நேற்றைய முகத்துக்கும் இன்றைய முகத்துக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத்தான் தெரியும். எங்களிடம் அந்தப் பொறுப்பை மெஸ்ஸில் பரிமாறும் அக்கா ஒருவர் ஏற்றுக்கொண்டார். தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டவர். மருத்துவக் குறிப்பேட்டில் இல்லாததெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாசனை தெரியாமல் போன ஒருத்தி ரசம் வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு, கஞ்சியோடு எலுமிச்சை ஊறுகாயும் சுட்ட அப்பளமும் வைக்கத் தொடங்கினார். நாக்குக்கு உறைப்பும் பல்லுக்கு நொறுங்கும் சத்தமும் கிடைத்ததில் சாப்பிட்டுவிட்டார்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருவியால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் எடுத்து, கதவின் உட்பக்கம் ஒட்டிய தாளில் அவளே எழுதட்டும். விரலில் நகப்பூச்சு இருந்தால் அளவு தவறாகக் காட்டும். கை சில்லிட்டிருந்தாலும் அப்படியே. உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு, ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்து எடுக்க வேண்டும். அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விடியும் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சில் அழுத்தம், உதட்டில் நீலம் தெரிந்தால் கருவி என்ன காட்டினாலும் அதையே செய்யுங்கள். கொரோனாவில் முதல் சில நாட்கள் லேசாகப் போய், ஒரு வாரம் ஆகும் தறுவாயில் நிலைமை மோசமானவர்கள் பலர். ஆகவே ஐந்தாம் நாள் "சரியாகிவிட்டது" என்று சொல்கிறவளின் தாளைத்தான் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

முகக்கவசம், சோப்பு பற்றி எல்லோருக்கும் தெரியும். மெஸ் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் இறுதியாண்டு மாணவர்களுக்காகக் கல்லூரிகள் திறந்தபோது, விடுதியில் அறைக்கு ஒருவர் என்று தமிழக அரசு விதித்தது. அதே மாதம் சென்னை ஐஐடி வளாகத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று பரவியது. அங்கே ஒரே ஒரு மெஸ்தான் அப்போது இயங்கியது. பிறகு உணவைப் பொட்டலமாக அறைகளுக்கே அனுப்பினார்கள். தனி அறையில் தூங்கி எழுந்து, கவசத்தைக் கழற்றி, ஒரே கூடத்தில் பேசியபடி சாப்பிட்டால் தனி அறையால் என்ன பயன்? தளவாரியாக நேரம் பிரியுங்கள். மழைச்சாரல் அடித்தாலும் ஜன்னலைச் சாத்தாதீர்கள். மொட்டை மாடியில் பாய் விரித்துச் சாப்பிட அனுமதியுங்கள். எங்கள் மாணவிகள் அதைத்தான் மிகவும் விரும்பினார்கள்.

வீட்டுக்குச் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. மாணவி முதலில் பேசட்டும், அடுத்த நிமிடமே காப்பாளர் பேச வேண்டும். அறை எங்கே இருக்கிறது, யார் சாப்பாடு கொடுக்கிறார், இன்றைய ஆக்சிஜன் அளவு எவ்வளவு, மறுபடி எத்தனை மணிக்கு அழைப்பேன் என்று நான்கு விவரங்களைச் சொல்லுங்கள். சொன்ன மணிக்கு அழையுங்கள். அப்படி அழைத்தால், பதறிப்போய் இரவு பஸ் ஏறி வந்து, காய்ச்சலோடு இருக்கும் பெண்ணைக் கூட்ட நெரிசலில் அழைத்துப்போகும் நிலை வராது.

விடுதியைக் காலி செய்யச் சொன்னால், எல்லோரையும் துரத்தாதீர்கள். வீட்டில் செல்போன் சிக்னல் இல்லாதவர்கள், ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பத்தினர், வீட்டுக்குப் போக அஞ்சுகிறவர்கள் எல்லா விடுதியிலும் இருப்பார்கள். காரணத்தைத் துருவிக் கேட்காமல் பெயரை மட்டும் எழுதி, ஒரு தளத்தைத் திறந்து வையுங்கள்.

போகிறவர்கள் சான்றிதழ், மடிக்கணினி, மூக்குக் கண்ணாடி, நோட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பதினைந்து நாளில் வருவோம் என்று போனவர்கள் பல மாதங்கள் வரவில்லை. இடையில் பல விடுதிகள் கொரோனா சிகிச்சை மையங்கள் ஆயின. சென்னை மாநகராட்சி அண்ணா பல்கலைக்கழக விடுதியையும் கேட்டது. மிச்சப் பொருள்களை ஒரே பெட்டியில் போட்டு, பெயரும் அறை எண்ணும் எழுதி, உள்ளே இருப்பவற்றின் பட்டியலைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குணமாகி வெளியே வருகிறவளை உடனே மாடி ஏறச் சொல்லாதீர்கள். அந்த மார்ச் மாத மாணவி, பத்து நாள் கழித்தும் இரண்டாம் தளத்துக்குப் போகும் வழியில் மூன்று முறை படியில் உட்கார்ந்தாள். செப்டம்பருக்குப் பிறகு தரைத்தளத்தில் இன்னொரு அறையையும் காலியாக வைத்தோம். குணமானவர்கள் இரண்டு வாரம் அங்கே தங்கிவிட்டு மேலே போனார்கள்.