சிங்கி இறாலின் இதயத்துடிப்பு: நான் செய்து தொலைத்த தவறுகள்

போன வாரம் ஆய்வகத்தில் தாராவிப் பையன் ஒருவன் கத்தினான்: "அக்கா, ஐஸ் தண்ணி ஊத்தின உடனே இதயம் நின்னுடுச்சு!" முகமெல்லாம் சிரிப்பு. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சிரித்தேன். கம்பி கழன்றது, தேதி எழுத மறந்தது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் இரண்டு நாளில் தானே பழகிவிடும்.

உங்கள் நிழல்

முதுகு ஓட்டில் இதயத்துக்கு இருபக்கமும் ஊசித்துளை போட்டு, மெல்லிய கம்பி செருகி, துடிப்பைத் திரையில் பார்க்கிறோம். ஐஸ் தண்ணீரோடு நான் தொட்டிமேல் குனிவேன். திரையில் கோடு படுத்துவிடும், சில நொடியில் எழுந்துகொள்ளும். 'குளிர் பட்டதும் இதயம் நிற்கிறது' என்று மூன்று மாதம் எழுதித் தள்ளினேன். ஒருநாள் டீ கொண்டுவந்த அண்ணன் தொட்டியைத் தாண்டிப் போனார். ஐஸும் இல்லை, ஒன்றும் இல்லை. கோடு படுத்தது!

மூன்று மாத வரைபடமும் குப்பைக்குப் போனது. நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

நம் இதயத்தில் தாளம் தசையிலேயே பிறக்கிறது. சிங்கி இறாலுக்கு அப்படி இல்லை. இதயத்தின் உட்சுவரில் ஒட்டிக்கிடக்கும் 9 நரம்பணுக்கள்தாம், 4 சிறியவை, 5 பெரியவை, துடிப்பை நடத்துகின்றன. மூளைப் பக்கமிருந்து இவற்றை முடுக்கும் நரம்பும் வருகிறது, அடக்கும் நரம்பும் வருகிறது. நிழல் விழுந்தாலோ மேசையைத் தட்டினாலோ அடக்கும் நரம்பு சட்டென்று கடிவாளத்தை இழுக்கும். குளிரின் போக்கு வேறு: தண்ணீர் மெல்லக் குளிர, துடிப்பும் மெல்லக் குறையும்.

அதனால் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். தண்ணீரை மறைவில் நின்று குழாய் வழியே மாற்றுங்கள். அப்புறம், அதே வெப்பநிலையில் உள்ள தண்ணீரை அதேபோல ஒருமுறை விட்டுப் பாருங்கள். அப்போதும் துடிப்பு மாறினால், மாற்றியது நீங்கள்.

எண்ணிக்கையோடு நிறுத்துவது

தண்ணீரைச் சூடாக்கினால் துடிப்பு கூடும், சரி. ஆனால் ஒவ்வொரு துடிப்பின் வலுவும் குறைந்துகொண்டே வரும். சூடு எல்லை மீறினால் தாளமே தடுமாறும். ஆக்சிஜன் குறைந்தால் எண்ணிக்கை விழும், ஆனால் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் கூடலாம். கோட்டின் உயரத்தையும் பார்க்காமல் 'நன்றாக வேலை செய்கிறது' என்று எழுதாதீர்கள்.

தவளைக் கரைசல்

தவளை இதயத்தைத் துடிக்கவைக்க ஆய்வகத்தில் ஊற்றும் உப்புக் கரைசல் இது. லிட்டருக்கு 6.5 கிராம் உப்பு, கடல் தண்ணீரைவிட மிகக் குறைவு. கடல் பிராணியின் இதயத்தில் ஊற்றாதீர்கள்.

சசூன் டாக்கிலிருந்து நேரே மேசைக்கு

மும்பையின் அந்த மீன் துறைமுகத்தில், விடிகாலை ஏலத்தில் 'ஷேவண்ட்' என்று மராத்தியில் சிங்கி இறாலைக் கேட்டு வாங்கி, டாக்ஸியில் குலுங்கக் குலுங்கக் கொண்டுவந்து உடனே கம்பி செருகினால், பதிவாவது டாக்ஸிப் பயணம்தான். ஒரு ராத்திரியாவது தொட்டியில் கிடக்கட்டும்.

பையன் கறுப்புத் துணி வாங்க தாதர் போயிருக்கிறான்.