ஏத்தல்பர்ட் சட்டத்தைப் படிப்பவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

பெயரிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. சட்டம் தந்த ஏத்தல்பர்ட், இன்றைய இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டு அரசர், 616இல் இறந்தவர். 860 முதல் 865 வரை வெசெக்ஸ் என்ற இன்னொரு அரசை ஆண்ட ஏத்தல்பர்ட் வேறு. அவர் புகழ்பெற்ற மன்னர் ஆல்ஃபிரட்டின் அண்ணன். 794இல் கொலையுண்ட கிழக்கு ஆங்கிலியா அரசருக்கும் இதே பெயர்தான். சட்டம் தந்தவரை 'இங்கிலாந்து மன்னர்' என்று எழுதவும் கூடாது. அப்படியொரு நாடு அன்று இல்லை.

பெரிய தவறு, இதைத் தண்டனைச் சட்டமாகப் படிப்பது. பழிக்குப் பழி என்று உறவினர் கிளம்பாமல் தடுக்கும் ஈட்டுத்தொகைப் பட்டியல் இது. சுதந்திர மனிதன் ஒருவனின் உயிர்விலை 100 ஷில்லிங். அதில் 20 ஷில்லிங்கைக் குழி மூடுமுன்பே கட்ட வேண்டும்; முழுத்தொகைக்கும் 40 நாள் கெடு. கொன்றவன் நாட்டைவிட்டு ஓடிவிட்டால் பாதித்தொகை அவன் உறவினர் தலையில் விழும். இவை செத்தவன் குடும்பத்துக்குப் போகும் பணம். அரசருக்குரிய 50 ஷில்லிங் தனி; இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள்.

காயங்களுக்கான தொகையை ஊகித்து எழுதினால் நிச்சயம் சறுக்கும். கண்ணுக்கு 50 ஷில்லிங், பாதத்துக்கும் 50. கட்டைவிரலுக்கு 20. நடுவிரலுக்கு வெறும் 4, சுண்டுவிரலுக்கோ 11! விரலின் நீளத்துக்கும் விலைக்கும் தொடர்பே இல்லை.

ஷில்லிங் என்றதும் நாணயத்தை நினைக்க வேண்டாம். அப்போது அது தங்கத்தின் கணக்கு அலகு. கென்ட்டில் ஒரு ஷில்லிங் என்பது 20 ஷியாட் (சிறு தங்க எடை) என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். வெசெக்ஸில் பின்னாளில் ஒரு ஷில்லிங் 5 பென்னி. ஆகவே சுதந்திர மனிதனின் உயிர்விலையாகக் கென்ட் வைத்த 100ஐயும் வெசெக்ஸ் வைத்த 200ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

திருச்சபைச் சொத்தைத் திருடினால் 12 மடங்கு ஈடு, ஆயருடையதற்கு 11, குருவுடையதற்கு 9. அரசருடையதற்கும் 9தான். இதை வைத்து முழுச் சட்டமும் கிறிஸ்தவம் பரப்ப 597இல் வந்திறங்கிய துறவி அகஸ்டினின் கைவேலை என்று முடிவுகட்டுவது அவசரம். மற்றப் பிரிவுகளில் பெரும்பாலானவை பழைய வழக்கங்களே. எழுதப்பட்டதும் இலத்தீனில் அல்ல, ஆங்கிலத்தில்.

கடைசியாகச் சுவடி. நம்மிடம் இருப்பது கென்ட்டின் ராச்செஸ்டர் நகரில் 1120களில் எடுத்த ஒரே படி. மூலத்துக்கும் அதற்கும் ஐந்து நூற்றாண்டு இடைவெளி. ஏத்தல்பர்ட் பெயர்கூடத் தலைப்பில் மட்டுமே வருகிறது. பிரிவு எண்கள் பிற்காலப் பதிப்பாசிரியர்கள் இட்டவை. பதிப்புக்குப் பதிப்பு மாறும். மேற்கோள் காட்டும்போது எந்தப் பதிப்பின் எண் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.