பிளாஸ்டிக் பொம்மைக்கு மறுவண்ணம்: முதல்முறை பூசுபவர்களுக்கான செய்முறை

சேகரிப்புப் பொம்மைக்கு வண்ணம் பூசும்போது வரும் கோளாறுகளில் பல பிரஷைத் தொடுவதற்கு முன்பே உறுதியாகிவிடுகின்றன. பெயின்ட் உரிவதும், காயாமல் ஒட்டுவதும், மூட்டு உடைவதும் பெரும்பாலும் கைத்திறனால் வரும் குறைகள் இல்லை. கீழே இருக்கும் பிளாஸ்டிக் என்ன, அதை எப்படித் தயார் செய்தோம் என்பதுதான் காரணம். அதனால் இந்த விளக்கத்தில் தயாரிப்பு வேலைக்கே அதிக இடம்.

1. என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள்

நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கி, வளைத்தால் வளைந்துகொடுக்கிறதா? அநேகமாக அது பிவிசி. முடி, மேலங்கி, மெல்லிய விரல்கள் பெரும்பாலும் இதில்தான் இருக்கும். வளையாமல், தட்டினால் 'டக்' என்று கெட்டியான ஒலி வந்தால் ஏபிஎஸ்ஸாக இருக்கலாம். ஒரே பொம்மையில் இரண்டும் இருப்பது சகஜம்.

பிவிசியை மென்மையாக்க அதில் பிளாஸ்டிசைசர் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அது மெதுவாக மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும். எனாமல் பெயின்ட்டும் பல ஸ்ப்ரே டப்பாக்களும் அதோடு சேர்ந்தால், வாரக்கணக்கில் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. மென்மையான பாகங்களுக்கு நீர் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட்டே பாதுகாப்பானது.

ஏபிஎஸ்ஸில் ஆபத்து வேறு. எனாமல் தின்னர் மூட்டுக்குள் இறங்கினால், திருகாணியும் ஊசியும் இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் விரிசல் விடும். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவர் ஏபிஎஸ்ஸையே கரைத்துவிடும். அதை மேசையிலேயே வைக்காதீர்கள்.

2. கழுவுதல்

பாகங்களைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ். மடிப்புகளில் நன்றாகத் தேயுங்கள். அச்சிலிருந்து பொம்மை எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெயும், கைபட்ட பிசுக்கும் அங்கேதான் தங்கும். பிறகு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மூட்டுக்குள் தங்கிய ஒரு துளி நீர், பெயின்ட் பூசும் நேரத்தில் வெளியே வழியும். கழுவிய பிறகு கையுறை போட்டுக்கொண்டு மட்டுமே தொடுங்கள்.

பழைய வண்ணத்தை எடுக்க வேண்டுமானால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, முதலில் உள்ளங்கால் போன்ற மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். வண்ணம் வந்தால் தொடரலாம். பிளாஸ்டிக்கே பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள்.

3. தேய்த்தல்

அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் அச்சுக் கோடு துருத்தியிருந்தால் 400 எண் உப்புத்தாள், பிறகு 800. தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். தூசி பறக்காது, கீறலும் மென்மையாக விழும். மிகப் பழைய பொம்மைகளின் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றை உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

இந்தக் கட்டத்திலேயே மூட்டுகளையும் கவனியுங்கள். இரண்டு பரப்புகள் உரசும் இடத்தில் பெயின்ட் ஏறினால் அதன் தடிமன் அளவுக்கு மூட்டு இறுகும், அசைத்ததும் சுரண்டிக்கொண்டு வரும். அந்த இடத்தை லேசாகத் தேய்த்து இடைவெளி கொடுங்கள், அல்லது பெயின்ட்டே பூசாமல் விட்டுவிடுங்கள். விட்டுவிடுவதே முதல் பொம்மைக்கு நல்லது.

4. பிரைமர்

வண்ணம் நன்றாகப் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சுதான் பிரைமர். சாம்பல் நிறத்தில் தொடங்குங்கள். கறுப்பு பிரைமர் மேல் மஞ்சளோ வெள்ளையோ மூடுவதற்கு அடுக்கு அடுக்காகப் பூச வேண்டிவரும். மென்மையான பாகங்களுக்கு நீர் அடிப்படையிலான பிரைமரைப் பிரஷால் பூசுங்கள். கெட்டியான பாகங்களுக்கு ஸ்ப்ரே அடிக்கலாம். சுமார் 20 முதல் 25 செ.மீ. தள்ளி நின்று, பொம்மைக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அதைக் கடந்து வெளியே போய் நிறுத்துங்கள். பொம்மையின் மேலேயே ஆரம்பித்தால் அந்த இடத்தில் குட்டையாகத் தேங்கும். ரொம்பத் தள்ளி நின்றால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, பரப்பு சொரசொரப்பாகும். காற்றோட்டமான இடம், ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள மாஸ்க் இரண்டும் கட்டாயம். சாதாரணத் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

5. வண்ணம்

பாட்டிலிலிருந்து நேராகப் பூசாதீர்கள். தட்டில் ஒரு பங்கு பெயின்ட், ஒரு பங்கு நீர் என்று கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயின்ட்டுக்குப் பெயின்ட் இது மாறும். பிரஷை டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டுப் பூசுங்கள். முதல் அடுக்கு திட்டுத்திட்டாக, கீழே சாம்பல் தெரிய, பார்க்கவே சகிக்காமல் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். 20, 30 நிமிடம் விட்டு அடுத்த அடுக்கு. மூன்றில் பெரும்பாலும் மூடிவிடும். பாதி காய்ந்த இடத்தை மறுபடி தொட்டால் அடி அடுக்கு சுருண்டு வரும். கை அரித்தாலும் விட்டுவிடுங்கள்.

தோல் நிறத்தில் ஒரு விஷயம். பழுப்புத் தோலுக்கு நிழல் போட நேராகக் கறுப்பைக் கலந்தால் உயிரில்லாமல் போகும். அடர் செம்பழுப்பைக் கலந்து பாருங்கள். வெளிச்சம் விழும் மூக்கு நுனி, கன்னமேட்டுக்கு வெள்ளைக்குப் பதில் கொஞ்சம் ஆரஞ்சு அல்லது மஞ்சள் கலந்த பழுப்பு. வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூத்தது போல் தெரியும்.

கண்ணுக்கு முழு வெள்ளை வேண்டாம், லேசான சாம்பல் கலந்தது போதும். நுனி கூராக இருக்கும் பிரஷ் முக்கியம். மிகச் சின்ன பிரஷில் பெயின்ட் வழியிலேயே காய்ந்துவிடுவதால், கூர்மையான 0 எண் பிரஷே சௌகரியம்.

6. வார்னிஷ்

கடைசி அடுக்குக்குப் பிறகு ஒரு நாள் பொறுத்து, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் மெல்லிதாக இரண்டு அடுக்கு. ஈரப்பதம் அதிகமுள்ள நாளில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் வெண்மூட்டமாகப் படியும். கண்ணுக்கு மட்டும் கடைசியில் ஒரு பொட்டு பளபளப்பு வார்னிஷ் வைத்தால் பார்வை வந்துவிடும். வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்கு இந்தப் பொம்மையைக் கொடுக்கக் கூடாது.

7. அடுத்தவர் வேலையைப் பற்றிப் பேசும்போது

இதுவும் செய்முறையின் பகுதிதான் என்று உறுதியாக நினைக்கிறோம். முதல் பொம்மையைக் காட்டுபவரிடம் "மொக்கையா இருக்கு" என்றால் அவருக்குத் திருத்த ஒன்றும் கிடைப்பதில்லை. அவர் கருத்துக் கேட்டாரா என்று முதலில் பாருங்கள். கேட்டிருந்தால் இடம், குறை, காரணம், அடுத்த படி என்ற வரிசையில் சொல்லுங்கள். "இடது தோள்பட்டையில் பெயின்ட் தடிமனாகி மடிப்பு மூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் நீர் சேர்த்துப் பாருங்கள்." குறை பெயின்ட்டில் இருக்கிறது, ஆளில் இல்லை. அவர் வயது, பாலினம், பிரஷின் விலை எதற்கும் அங்கே வேலையில்லை. நன்றாக வந்ததையும் இதே துல்லியத்தோடு சொல்லுங்கள்: "உதட்டோரக் கோடு சுத்தமாக விழுந்திருக்கிறது."

கேட்பவருக்கும் இதே வரிசை உதவும். "ஏன் ஒட்டவில்லை?" என்று மட்டும் கேட்காமல், எந்தப் பிளாஸ்டிக், எப்படிக் கழுவினீர்கள், என்ன பிரைமர், எத்தனை மணி நேரம் காயவிட்டீர்கள் என்று எழுதினால் சரியான பதில் சீக்கிரம் வரும்.

மறுவண்ணம் பூசிய பொம்மையை விற்றாலோ கொடுத்தாலோ அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உள்ளங்காலில் மெல்லிய மார்க்கரால் 'மறுவண்ணம்' என்றும் ஆண்டையும் எழுதி, மேலே ஒரு கை வார்னிஷ் போடுங்கள். பல கை மாறினாலும் யாரும் அதைத் தொழிற்சாலை வண்ணம் என்று நினைத்து வாங்க மாட்டார்கள்.