டர்போ வாங்கும் முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்: நாலு சிலிண்டர் வண்டிக்கான டர்போ தேர்வு

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வண்டி ஓட்ட வரும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "அண்ணா, எந்த டர்போ போடலாம்?" என்பதுதான். "எந்த ஆர்பிஎம்மில் இழுவை வேணும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பெரும்பாலும் பதில் வராது. எச்பி கணக்கு மட்டும் வரும்: 200, 250, 300.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என்னுடையது பழைய ஹோண்டா சிட்டி விடெக், 1.5 லிட்டர். அதற்கு 2 லிட்டர் இன்ஜினுக்குப் பொருந்தும் அளவில் ஒரு டர்போவை வாங்கி மாட்டினேன். முழு பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) வருவதற்கு 5,000 ஆர்பிஎம் தாண்ட வேண்டியிருந்தது. வளைவு முடிந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் மொத்தமாக ஒரே தள்ளாகத் தள்ளும், உடனே கியர் மாற்ற வேண்டிவரும். டர்போவே இல்லாத சிட்டிகள் என்னைத் தாண்டிப் போயின. டைனோவில் (பவரை அளக்கும் மெஷின்) நல்ல எண் காட்டிய வண்டி அது. அதைக் கழற்றிவிட்டுச் சின்ன டர்போ போட்ட பிறகுதான் வண்டி வேகமானது. அந்தச் சின்ன டர்போவை எப்படிக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. என் சிட்டி இப்போது டிராக்கில் மட்டும் ஓடுகிறது, டோ வண்டியில்தான் போய் வருகிறது. கீழே வருவதெல்லாம் அப்படிப்பட்ட வண்டிக்கு.

முதல் படி: இன்ஜின் தாங்குமா?

டர்போ விலையை விசாரிப்பதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நாலு சிலிண்டரின் ரீடிங்கும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் ரிங், வால்வு, கேஸ்கெட் மூன்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. அந்த இன்ஜினில் பூஸ்ட் ஏற்றினால் உடைவது அந்தச் சிலிண்டராகத்தான் இருக்கும். கூலன்ட், ஆயில், ரேடியேட்டர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து இலக்கு. பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் கம்பெனி போட்டதே என்றால் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. என் வண்டி டர்போ இல்லாமல் சுமார் 106 எச்பி. நான் வைத்த இலக்கு 180. இது இன்ஜினில் வரும் கணக்கு, டைனோ காட்டுவது சக்கரத்தில் வரும் கணக்கு என்பதால் அங்கே குறைவாகவே வரும்.

இரண்டாம் படி: காற்றைக் கணக்கிடுவது

வீணாய்ப் போகும் எக்ஸாஸ்ட் புகையைக் கொண்டு டர்பைன் என்ற ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அதே தண்டின் மறுமுனையில் உள்ள கம்ப்ரஸர் சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூஷி 1905-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. அதனால் டர்போ வாங்கும்போது நீங்கள் வாங்குவது காற்று. எத்தனை எச்பி என்பதை எத்தனை பவுண்டு காற்று என்று மாற்றிக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். பெட்ரோல் இன்ஜினில் நிமிடத்துக்கு 1 பவுண்டு காற்று போனால் ஏறத்தாழ 10 எச்பி வரும்.

என் இன்ஜினில் இதைச் சரிபார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழுக் கொள்ளளவுக்கு மூச்சு இழுக்கும். 6,500 ஆர்பிஎம்மில் 1.5 × 3,250 = 4,875 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது, 90 சதவீதம் என்று வைத்தால் சுமார் 4,390 லிட்டர். சென்னையில் 35 டிகிரி வெயிலில் 1,000 லிட்டர் காற்றின் எடை 1.146 கிலோ. ஆக நிமிடத்துக்கு 5 கிலோ, அதாவது 11 பவுண்டு. பத்தால் பெருக்கினால் 110 எச்பி. கம்பெனி சொன்ன 106-க்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது பாருங்கள். இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டு விடை பொருந்தியபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. உங்கள் வண்டிக்கும் போட்டுப் பாருங்கள்.

35 டிகிரி என்று நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் காட்டும் உதாரணங்கள் பெரும்பாலும் குளிரான காற்றுக்குப் போட்டவை. 20 டிகிரியில் அதே 1,000 லிட்டர் 1.2 கிலோ எடை இருக்கும். நம் ஊரில் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைவு. மே மாதம் 40 தாண்டும்போது இன்னும் குறையும்.

180 எச்பிக்கு 18 பவுண்டு வேண்டும். இன்ஜின் தானாக இழுப்பது 11, துல்லியமாக 11.1. மீதியைத் தருவதுதான் டர்போவின் வேலை.

மூன்றாம் படி: எவ்வளவு பூஸ்ட்?

18-ஐ 11.1-ஆல் வகுத்தால் 1.62. காற்று இவ்வளவு மடங்கு அடர்த்தியாக வேண்டும். ஆனால் அமுக்கும்போது காற்று சூடாகும், சூடானால் அடர்த்தி குறையும். அமுக்கிய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரைத் தாண்டி வரும் காற்று 55 டிகிரி என்று வைத்து, அதற்கும் சேர்த்து ஈடுகட்டினால் 1.73 மடங்கு அழுத்தம். வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் 0.74 பார், நம் மெக்கானிக்குகள் பேசும் கணக்கில் 11 பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் கீழே.

இன்டர்கூலரிலும் குழாயிலும் 0.1 பார் போகும். ஏர் ஃபில்டரும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். அதனால் கம்ப்ரஸர் உண்மையில் கொடுக்க வேண்டிய அழுத்த விகிதம் சுமார் 1.9. இப்போது கையில் இரண்டு எண்கள் இருக்கின்றன: 18 பவுண்டு, 1.9. கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இவற்றை வைத்துத்தான்.

நான்காம் படி: கம்ப்ரஸர் மேப் படிப்பது

நல்ல கம்பெனி டர்போ ஒவ்வொன்றுக்கும் கம்ப்ரஸர் மேப் என்று ஒரு படம் தருவார்கள். புதிதாகப் பார்ப்பவர்களை மிரட்டும் படம் அது. பள்ளிக்கூட நிலப்படத்தில் மலையின் உயரத்தைக் காட்ட ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடு போட்டிருப்பார்களே, அதேபோலத்தான் இதுவும். கீழ்க்கோட்டில் காற்றின் அளவு, பக்கக் கோட்டில் அழுத்த விகிதம். நடுவில் இருக்கும் தீவு கம்ப்ரஸரின் திறன் அதிகமுள்ள இடம். வெளியே போகப் போகத் திறன் குறையும்.

முதல் புள்ளி, 18 பவுண்டு, 1.9. இது நடுத்தீவிலோ அதன் வலதுபக்கம் பக்கத்திலோ விழ வேண்டும். இதன் பலனை எண்ணில் சொல்கிறேன். 35 டிகிரி காற்றை 1.9 மடங்கு அமுக்கும்போது, கம்ப்ரஸரின் திறன் 72 சதவீதம் என்றால் வெளியே வரும் காற்று 120 டிகிரி. 60 சதவீதம் என்றால் 137 டிகிரி. அதே பூஸ்ட், ஆனால் 17 டிகிரி கூடுதல் சூடு. அந்தச் சூட்டை இன்டர்கூலர் தலையில் கட்டுகிறோம், அது தோற்றால் நாக் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாக வெடிப்பது) வருகிறது, பிஸ்டன் போகிறது.

இரண்டாவது புள்ளிதான் பலரும் விட்டுவிடுவது. முழு பூஸ்ட் எந்த ஆர்பிஎம்மில் வர வேண்டும்? வளைவிலிருந்து நான் வெளியே வருவது 3,500-இல். அப்போது இன்ஜின் இழுக்கும் காற்று 18 × 3,500 ÷ 6,500, அதாவது 9.7 பவுண்டு. 9.7-க்கும் 1.9-க்கும் புள்ளி வையுங்கள். படத்தின் இடது ஓரத்தில் சாய்வாக ஒரு கோடு ஏறும், அதுதான் சர்ஜ் கோடு. புள்ளி அதற்கு வலதுபக்கம், கொஞ்சம் இடைவெளி விட்டு விழ வேண்டும். இடதுபக்கம் விழுந்தால் தள்ளிய காற்றை இன்ஜின் வாங்கிக்கொள்ளாமல் அது திரும்பி வரும். கூண்டுக்குள் புறா படபடப்பது போல ஒரு சத்தம் கேட்கும். பையன்கள் சிலர் அதை ரசிக்கிறார்கள். ஆக்ஸிலரேட்டர் மிதித்திருக்கும்போது அந்தச் சத்தம் வந்தால் பேரிங் அடிவாங்குகிறது என்று அர்த்தம், தயவுசெய்து ரசிக்காதீர்கள்.

இரண்டு புள்ளியையும் கோடு போட்டு இணைத்தால் அந்தக் கோடு முழுவதும் மேப்புக்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். உதாரணத்துக்கு, காரெட் கம்பெனி ஜிடி 2554ஆர் டர்போவை 1.4 முதல் 2.2 லிட்டர் இன்ஜினுக்கு, 170 முதல் 270 எச்பி என்று குறிப்பிடுகிறது. ஜிடி 2560ஆர் என்றால் 1.6 முதல் 2.5 லிட்டர், 200 முதல் 330. என் இலக்குக்கு முதலாவதே போதும். "பின்னாடி பவர் ஏத்திக்கலாம்" என்று இரண்டாவதை வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். பின்னாடி ஏற்றும்போது பின்னாடி வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எக்ஸாஸ்ட் பக்கம்

டர்பைன் ஹவுசிங்கில் ஏ/ஆர் என்று ஒரு எண் இருக்கும், 0.49, 0.64, 0.86 என்பதுபோல. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் அல்லவா? சின்ன ஏ/ஆர் அப்படித்தான். சீக்கிரம் பூஸ்ட் வரும், ஆனால் மேல் ஆர்பிஎம்மில் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும். பெரியது அதற்கு நேர்மாறு. ஒன்றரை லிட்டர் இன்ஜினில் முதன்முதலாகச் செய்பவர்கள் சின்ன பக்கமே நிற்கலாம். பூஸ்ட் அளவு மீறாமல் மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டும் டர்போவிலேயே சேர்ந்து வரும் வகையாக எடுத்தால், இன்ஜினிலிருந்து டர்போவுக்குப் புகையைக் கொண்டுவரும் மேனிஃபோல்டு வேலை எளிது.

பழைய டர்போ வாங்குவதென்றால்

புதியது வாங்கப் பணம் இல்லாமல் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் நிறைய. நானும் போயிருக்கிறேன். கையில் எடுத்ததும் முதலில் கம்ப்ரஸர் பக்கம் போன் டார்ச் அடித்து ஒவ்வொரு பிளேடின் முனையையும் பாருங்கள். சின்ன நெளிவு, பல் போன்ற வெட்டு, உள்சுவரில் வட்டமான கீறல், இதில் எது இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் நடுவில் உள்ள நட்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். அந்தத் திசையில் கைக்கு எந்த அசைவும் தெரியக் கூடாது. மேலும் கீழும் அசைத்தால் சாதாரண பேரிங் உள்ள டர்போவில் லேசாக ஆடும். ஆயில் இல்லாமல் வெறுமனே இருக்கும்போது அது இயல்பு. ஆடும்போது பிளேடு சுவரில் உரசினால் மட்டும் வேண்டாம். கடைசியாக டர்பைன் பக்கம் விரல் விட்டுப் பாருங்கள். காய்ந்த கருப்பு கரி சரி. ஈரமான ஆயில் பிசுக்கு என்றால் சீல் போயிருக்கிறது.

டீசல் வண்டியின் டர்போ மலிவாகக் கிடைக்கும், அளவும் பொருந்துவதுபோல இருக்கும். பெட்ரோல் இன்ஜின் முழு லோடில் ஓடும்போது எக்ஸாஸ்ட் 900 டிகிரியைத் தாண்டும், டீசலில் அதைவிட நன்றாகவே குறைவு. டீசல் டர்போவின் உள்ளே நகரும் தகடுகள் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல, இறுகி மாட்டிக்கொள்ளும். மிச்சமாகும் பணம் திரும்பப் போய்விடும்.

கூடவே வாங்க வேண்டியவை

பெட்ரோல் கணக்கும் அதே 18 பவுண்டிலிருந்துதான் வருகிறது. நிமிடத்துக்கு 8.2 கிலோ காற்று, 11.5 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்றால் 0.71 கிலோ, ஏறத்தாழ 950 மில்லி. நாலாகப் பிரித்தால் ஒரு இன்ஜெக்டருக்கு 240. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பதால் 300. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு இன்னும் 8 சதவீதம் போல அதிகம் ஊற்ற வேண்டும், ஆக 325. நான் 350 போட்டேன். டிராக் நாளில் 95 ஆக்டேனுக்குக் குறையாத பெட்ரோல் ஊற்றுகிறேன். இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) டியூனிங்கை அனுபவமுள்ளவர் கையில் கொடுங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இன்டர்கூலர் பம்பருக்குப் பின்னால், நேர்க்காற்று படும் இடத்தில் இருக்க வேண்டும். பிட்டில் வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில் அது அடுப்புக்கல் போல ஆகிவிடும். முதல் சுற்றை மெதுவாக ஓட்டி ஆறவிட்டு, அப்புறம் மிதியுங்கள்.

ஆயில் திரும்பும் குழாய் தடிமனாக, நெளிவு இல்லாமல், கீழ்நோக்கியே இறங்க வேண்டும். சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலேதான் சேர வேண்டும். அங்கே தேங்கினால் ஆயில் சீல் வழியே வெளியேறிப் புகைவிடும். டர்போ கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றுவீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். ஃபியூவல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடியுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முதல் நாள் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் தரும் பூஸ்டில் மட்டும் ஓட்டுங்கள், என் வண்டியில் அது 7 பிஎஸ்ஐ. அன்று மாலை ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிப் பார்த்து, நாலும் ஒரே நிறத்தில் இருந்தால் அடுத்த முறை 11-க்குப் போகலாம்.